நீங்களாகப் போனீர்களா?

2012 ஓகஸ்ட். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பாடசாலை மண்டபத்தில் செயற்கைக் கால் அளவெடுக்கும் முகாம் நடந்தது. நான் அப்போது பல்கலைக்கழக மாணவி. வருபவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் வேலை எனக்குத் தரப்பட்டிருந்தது. பெயர், வயது, முகவரி, எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, எந்த ஆண்டு, எதனால். படிவம் கேட்டது இவ்வளவுதான்.

பத்து மணியளவில் ஓர் அக்கா கைத்தடிகளோடு வந்து என் முன்னால் இருந்தார். வயது முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று இருக்கும். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. 2000ஆம் ஆண்டு, முகமாலை, மிதிவெடி என்றார். கிளிநொச்சியில் வெண்புறா நிறுவனம் முன்பு போட்டுக் கொடுத்த கால், கடைசிச் சண்டையில் இடம்பெயர்ந்து ஓடும்போது உடைந்துபோனது. அதன் பிறகு தடுப்பு. தடுப்பிலிருந்து வந்து ஒன்றரை வருடம். அதுவரை கைத்தடிகள்தான்.

எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகு நான் கேட்டேன்: "அக்கா, நீங்களாப் போனீங்களா, இல்லாட்டிப் பிடிச்சுக்கொண்டு போனவையா?"

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை.

"ரெண்டுக்கும் வேற வேற காலோ வச்சிருக்கிறீங்கள், தங்கச்சி?"

நான் சிரித்துச் சமாளித்தேன். அவர் எழுந்து அளவெடுக்கும் பக்கம் போய்விட்டார். படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியை நான் ஏன் கேட்டேன் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. பிறகு பல வருடங்களாக அது என்னை விடவில்லை. அந்தக் கேள்வி என்னுடையது மட்டுமல்ல என்பதும் மெல்ல மெல்லத்தான் விளங்கியது.

*

முதலில் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். செயற்கைக் கால் என்பது ஒருமுறை கொடுத்து முடிகிற பொருள் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். புகைப்படங்கள் அப்படித்தான் காட்டுகின்றன: கால் மாட்டப்படுகிறது, பெண் எழுந்து நிற்கிறாள், எல்லோரும் கைதட்டுகிறார்கள். படம் அங்கே முடிந்துவிடுகிறது.

நமது ஊர்களில் பெரும்பாலும் பழக்கத்தில் உள்ளது ஜெய்ப்பூர் கால். 1960களின் கடைசியில் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி.கே. சேத்தி என்ற எலும்பு மருத்துவரும் சேர்ந்து உருவாக்கியது. செருப்பில்லாமல் நடக்கலாம், வயலுக்குள் இறங்கலாம், குந்தியிருக்கலாம் என்பதற்காகவே ரப்பரில் செய்யப்பட்ட பாதம். நமது வாழ்க்கைக்கு ஏற்ற கண்டுபிடிப்பு அது. ஆனால் அதுவும் தேயும். வயலிலும் வெயிலிலும் உழைக்கிறவருக்குச் சுமார் மூன்று வருடத்தில் மாற்ற வேண்டி வரும். கால் தேயாவிட்டாலும் உடம்பு மாறும். எஞ்சிய காலின் தசை சுருங்கும். உடல் பருத்தால் அதுவும் பருக்கும். அது உட்காருகிற குழி பொருந்தாமல் போனால் தோல் உரியும், புண் வரும். புண் ஆறும்வரை காலைக் கழற்றி வைக்க வேண்டும். கழற்றி வைத்தால் வேலைக்குப் போக முடியாது. போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. அதனால் புண்ணோடேயே காலை மாட்டுகிறார்கள்.

இதற்கு மேல் மெதுவாக வருகிற வருத்தங்கள் இருக்கின்றன. நல்ல கால் இரண்டு காலின் பாரத்தையும் சுமப்பதால் அந்த முழங்கால் முதலில் தேய்கிறது. நடை சரிந்திருப்பதால் நாரி நோகிறது. பாரம் தாங்காத எஞ்சிய காலின் எலும்பு மெலிகிறது. வெட்டிய நரம்பின் நுனி முடிச்சாகித் தொட்டாலே மின்னல் போல் வெட்டுகிறது. வெடியில் போன காலென்றால் உடம்பின் வேறு இடங்களில் பீஸ் இருக்கும். மழைக்காலத்தில் இல்லாத கால் நோகும். இல்லாத காலின் நோவுக்கு மருத்துவத்தில் பெயர் வைத்தவர் சைலஸ் வேர் மிச்செல். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கால் கை இழந்த படையினரைப் பார்த்த மருத்துவர் அவர். அந்தப் பெயரை அவர் எழுதியது 1871இல். ஒன்றரை நூற்றாண்டாகத் தெரிந்திருக்கிற நோவு இது. ஆனாலும் நமது கிராமங்களில் "இல்லாத கால் எப்பிடி நோகும்" என்று சிரிப்பார்களோ என்று அதைச் சொல்லாமலே இருக்கிற பெண்கள் உண்டு.

பெண்ணுடம்பு என்றால் கணக்கு இன்னும் நீளும். குளிக்கப் போகும்போது காலைக் கழற்ற வேண்டும். கிணற்றடிச் சீமெந்து ஈரமாக இருக்கும். ஒற்றைக் காலில் நின்று வாளி இழுக்க வேண்டும். மலசலகூடம் வீட்டுக்குப் பின்னால், இரவில் இருட்டுக்குள். விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் மாலையிலேயே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். பிறகு சிறுநீர்க் கடுப்பு வருகிறது. கர்ப்பமானால் உடல் பருத்துக் கால் வீங்கி, செயற்கைக் கால் பொருந்தாமல் போகிறது. குழந்தையைச் சுமக்கும் மாதங்களிலேயே மறுபடி கைத்தடி. குழந்தை பிறந்த பிறகு இரண்டு கைகளும் கைத்தடியில் இருந்தால் குழந்தையை எதில் தூக்குவது? மாதவிலக்கு நிற்கும் வயதில் எல்லாப் பெண்களுக்கும் எலும்பு மெலியும். ஏற்கனவே மெலிந்த எலும்பு உள்ளவருக்கு அந்த வயதில் ஒரு வழுக்கல் போதும், தொடை எலும்பு முறிந்துவிடும்.

2009இல் இருபதுகளின் கடைசியிலும் முப்பதுகளிலும் இருந்த முன்னாள் போராளிப் பெண்கள் இப்போது அந்த வயதுக்கு வந்துவிட்டார்கள், வந்துகொண்டிருக்கிறார்கள். போர் முடிந்ததோடு அவர்களுடைய காயம் முடியவில்லை. அதன் கடினமான பகுதி இனித்தான் தொடங்குகிறது.

*

கால் இழந்த படையினருக்கு நாற்பது ஐம்பது வருடங்களில் என்ன நடக்கும் என்பது மருத்துவ உலகுக்குத் தெரியாத விடயமல்ல. இரண்டாம் உலகப் போரில் கால் கை இழந்த அமெரிக்கப் படையினரைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 1980இல் வெளிவந்தது. முழங்காலிலோ அதற்கு மேலோ கால் இழந்தவர்கள், குறிப்பாக இரண்டு காலும் இழந்தவர்கள், இதயநோயால் இறப்பது மற்றக் காயக்காரரைவிடக் கூடுதல் என்று அது காட்டியது. கால் போனவரின் இதயத்தையும் கவனிக்க வேண்டும் என்ற அறிவு அப்படித்தான் கிடைத்தது.

அந்த அறிவு எப்படிச் சாத்தியமானது? ஓர் அரசு தன் படையினரின் பெயர்களைப் பட்டியலிட்டு வைத்திருந்தது. ஓய்வூதியம் கொடுப்பதற்காகப் பட்டியல், வைத்தியம் பார்ப்பதற்காகப் பட்டியல். அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் ஏறத்தாழ எல்லோரும் ஆண்கள். சண்டையில் கால் இழந்த பெண்ணின் உடம்பு மாதவிலக்கு நிற்கும்போது என்ன ஆகும் என்று கேட்பதற்கு அங்கே பெண்கள் இல்லை. பெண்கள் ஆயிரக்கணக்கில் ஆயுதம் ஏந்திய ஒரு போர் நடந்த நமது மண்ணில் அந்தக் கேள்விக்குப் பதில் இருந்திருக்கலாம். இங்கே அப்படி ஒரு பட்டியல் இல்லை.

இல்லை என்று சொல்வதும் முழு உண்மையல்ல. ஒரு பட்டியல் இருக்கிறது. போர் முடிந்தபோது சரணடைந்தும் பிடிபட்டும் புனர்வாழ்வு என்ற பெயரில் தடுத்துவைக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 12,000 பேர். அவர்களில் 2,000க்கு மேற்பட்டவர்கள் பெண்கள். அவர்களுடைய பெயர், முகவரி, புகைப்படம் எல்லாம் அரசிடம் உண்டு. விடுதலையான பிறகும் வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள், கையெழுத்து வைக்கக் கூப்பிட்டார்கள், யார் வந்து போகிறார்கள் என்று அயலில் கேட்டார்கள் என்று முன்னாள் போராளிகள் பலர் சொல்லியிருக்கிறார்கள். அன்றைய முகாமின் வாசலிலும் சிவில் உடையில் இருவர் நின்று வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதாவது அந்த அக்கா எங்கே இருக்கிறார் என்று அரசுக்குத் தெரியும். அவருடைய எஞ்சிய காலில் புண் இருக்கிறதா என்று தெரியாது. கண்காணிப்பதற்காக எண்ணப்பட்டவர், கவனிப்பதற்காக எண்ணப்படவில்லை. இதன் விளைவு இன்னொன்றும் உண்டு. எண்ணப்படுவது என்றாலே ஆபத்து என்று பழகியவர்கள், உதவிக்கான பட்டியலிலும் பெயர் கொடுக்கத் தயங்குகிறார்கள். "மிதிவெடி" என்று மட்டும் சொல்லி, விறகு பொறுக்கப் போன இடத்தில் என்று சேர்த்துக்கொள்கிறார்கள்.

*

இனி என் கேள்விக்கு வருகிறேன். நீங்களாகப் போனீர்களா?

நான் இதை ஏன் கேட்டேன் என்று நேர்மையாகச் சொன்னால், அவர்மேல் எவ்வளவு இரக்கப்படலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். கடைசி வருடங்களில் இயக்கம் வீட்டுக்கொரு ஆள் என்று கட்டாயமாகப் பிள்ளைகளைப் பிடித்தது எல்லோருக்கும் தெரியும். பிள்ளையை ஒளித்துவைக்கப் பதுங்குகுழிக்குள் பதுங்குகுழி வெட்டிய தாய்மாரை எனக்குத் தெரியும். "பிடிச்சுக்கொண்டு போனவை" என்று அந்த அக்கா சொல்லியிருந்தால் என் மனம் உடனே அவர் பக்கம் போயிருக்கும். "நானாத்தான் போனனான்" என்றிருந்தால் நான் கொஞ்சம் பின்வாங்கியிருப்பேன். இரண்டில் எதுவென்றாலும் அவருடைய எஞ்சிய காலின் அளவு மாறியிருக்காது.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பல பேர். அரசு கேட்கிறது, குற்றத்தை அளக்க. ஊர் கேட்கிறது, பெண் கேட்டு வருவதா விடுவதா என்று தீர்மானிக்க. தடுப்பில் இருந்தவள் என்றால் அங்கே அவளுக்கு என்ன நடந்திருக்கும் என்ற கதை அவளுக்கு முன்னால் ஊருக்குள் வந்துவிடும். புலம்பெயர்ந்த உறவு கேட்கிறது, வீராங்கனையா இல்லையா என்று பார்க்க. "நானாப் போனேன்" என்ற பதில் அங்கே பெருமை, இங்கே குற்றம். "பிடித்துப் போனார்கள்" என்ற பதில் இங்கே அனுதாபம், அங்கே துரோகத்தின் சாயல். ஒரே பெண் ஆளுக்கு ஆள் வேறு பதில் சொல்லப் பழகிவிடுகிறாள். அதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். கால் கிடைக்க வேண்டும் அல்லவா?

பெண்ணியவாதிகளாகிய நாமும் இதையே கேட்டோம். கொஞ்சம் மரியாதையான மொழியில் கேட்டோம், அவ்வளவுதான். இயக்கத்துப் பெண்கள் விடுதலை பெற்றவர்களா, ஆண்களின் போரில் பயன்படுத்தப்பட்டவர்களா? அடேல் பாலசிங்கம் அதைப் பெண் விடுதலை என்று எழுதினார். ராதிகா குமாரசுவாமி போன்றவர்கள் துப்பாக்கி பிடிப்பது விடுதலையாகுமா என்று கேட்டார்கள். முகவரா, பலியா என்ற இந்த விவாதம் முப்பது வருடங்களாக நடக்கிறது. அவசியமான விவாதம்தான். நானும் அதில் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தவள். ஆனால் அந்தக் கட்டுரைகளில் நமக்குத் தேவைப்பட்டது அவர்களுடைய முடிவெடுக்கும் தருணம்: பதினேழு வயதில் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு போன அந்த ஒரு நிமிடம். அதற்குப் பிறகான முப்பது வருட உடம்பு நமது கோட்பாட்டுக்குத் தேவைப்படவில்லை.

அந்த ஒரு நிமிடத்துக்கே நேரான பதில் கிடையாது. குண்டு விழுந்து அண்ணன் செத்த கிழமை இயக்கத்துக்குப் போன பெண் தானாகப் போனவளா? வீட்டில் சாப்பாடில்லை, தங்கச்சியையாவது விடுவார்கள் என்று தன்னைக் கொடுத்த பெண்? பிடித்துக்கொண்டு போகப்பட்டு, பிறகு அங்கேயே கிடைத்த தோழிகளை விட்டு ஓட மனமில்லாமல் இருந்தவள்? அந்தப் பெண்களாலேயே ஒற்றைச் சொல்லில் சொல்ல முடியாததைப் படிவத்தில் ஒரு சரிக் கோட்டுக்குள் அடைக்க நான் யார்?

*

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதை மழுப்பிக் கடக்கக் கூடாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட ஒரு முஸ்லிம் பெண் கேட்கலாம்: என்னை வீட்டை விட்டுத் துரத்திய இயக்கத்தில் இருந்தவளுக்குப் பொதுப் பணத்தில் கால் கொடுக்க வேண்டுமா? இயக்கம் பிடித்துக்கொண்டு போய்த் திரும்பி வராத பிள்ளையின் தாய் கேட்கலாம். எல்லைக் கிராமமொன்றில் உறவுகளைப் பறிகொடுத்த சிங்களப் பெண் கேட்கலாம். மாடு மேய்க்கப் போய் மிதிவெடியில் கால் போன விவசாயப் பெண், நான் முதலில் அல்லவா என்று கேட்கலாம். இந்தக் கேள்விகளில் எதுவும் மலிவானதல்ல.

கடைசிக் கேள்விக்குப் பதில் எளிது. வரிசை தேவையின்படி அமைய வேண்டும். யாருக்குப் புண் பெரிது, யாருக்குத் தூரம் கூட, யார் கால் இல்லாமல் அதிக காலம் இருக்கிறார் என்பதுதான் கணக்கு. முன்னாள் போராளி என்பதற்காக முன்னால் விடவும் வேண்டாம், பின்னால் தள்ளவும் வேண்டாம்.

மற்றக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல, நாம் ஒன்றாகக் கட்டிவைத்திருக்கிற மூன்று விடயங்களை அவிழ்க்க வேண்டும். கௌரவம் ஒன்று. பொறுப்புக் கூறல் இன்னொன்று. பராமரிப்பு மூன்றாவது. ஒருவர் செய்தது கௌரவத்துக்குரியதா என்று நாம் சண்டை பிடிக்கலாம். அவர் யாருக்காவது தீங்கு செய்திருந்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இந்த இரண்டுக்கும் அவருடைய கடந்தகாலம் தெரிய வேண்டும். பராமரிப்புக்கு உடம்பின் இன்றைய நிலை தெரிந்தால் போதும். கால் கொடுப்பது பதக்கம் கொடுப்பதல்ல, பாவமன்னிப்பும் அல்ல. சொல்லப்போனால், பதில் சொல்ல ஒருவர் எழுந்து வருவதற்கும் கால் வேண்டும்.

இது புதிய எண்ணமல்ல. 1859இல் இத்தாலியின் சொல்பெரீனோவில் பெரும் சண்டை நடந்தது. காயக்காரர்கள் ஆயிரக்கணக்கில் பக்கத்து ஊரான காஸ்திலியோனேயில் வந்து குவிந்தார்கள். அந்த ஊர்ப் பெண்கள் பிரெஞ்சுக்காரன், ஒஸ்திரியன் என்று பிரிக்காமல் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக் கட்டுப் போட்டார்கள். அங்கே அதைப் பார்த்து அவர்களோடு சேர்ந்து வேலை செய்தவர் ஹென்றி டுனான்ட். செஞ்சிலுவை இயக்கமும் 1864ஆம் ஆண்டின் முதலாவது ஜெனீவா உடன்படிக்கையும் அதிலிருந்து பிறந்தவை. காயப்பட்ட படைஞர் எந்த நாட்டவராக இருந்தாலும் பராமரிக்கப்பட வேண்டும் என்றது அந்த உடன்படிக்கை. 1949ஆம் ஆண்டின் உடன்படிக்கைகள் உள்நாட்டுப் போரில் காயப்பட்டவர்களுக்கும் அதை விரித்தன. ஆண்கள் சட்டமாக எழுதுவதற்கு முன்பே பெயர் தெரியாத பெண்கள் அதைச் செய்து காட்டியிருந்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

ஆனால் அந்தச் சட்டம் சண்டை நடக்கும் காலத்துக்கானது. களத்தில் விழுந்து கிடப்பவரிடம் நீயாக வந்தாயா என்று எந்த மருத்துவரும் கேட்கமாட்டார். இரத்தம் நின்று, காயம் ஆறி, அவர் தன் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் நாம் கேட்கத் தொடங்குகிறோம். மிதிவெடித் தடை உடன்படிக்கை இதைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தது. மிதிவெடியால் பாதிக்கப்பட்டவர்களின் பராமரிப்புக்கும் மறுவாழ்வுக்கும், இயன்ற நாடுகள் உதவ வேண்டும் என்கிறது அதன் 6ஆம் உறுப்புரை. வெடித்தபோது அவர் சீருடையில் இருந்தாரா என்று அது கேட்கவில்லை. இலங்கை 2017 டிசம்பரில் அதில் இணைந்தது. அதற்கு முந்தைய வருடம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தையும் ஏற்றுக்கொண்டிருந்தது. அதனால் அந்த அக்கா கேட்பது தயவு அல்ல. அரசு கையெழுத்திட்டு ஒப்புக்கொண்ட ஒன்றைத்தான் கேட்கிறார்.

*

அரசை மட்டும் கேட்டுவிட்டு நம்மைத் தப்பவிடக் கூடாது. ஒவ்வொரு நவம்பர் 27ஆம் திகதியும் நமது சமூகம் இறந்த போராளிகளுக்கு விளக்கேற்றுகிறது. பிள்ளையைப் புதைத்த தாய் விளக்கேற்றுவதை யாரும் தடுக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இறந்தவர்கள் வயது போவதில்லை. அவர்களுக்குப் புண் வருவதில்லை. நம்மைப் பார்த்து ஒரு கசப்பான கேள்வி கேட்பதும் இல்லை. உயிரோடு இருப்பவருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கால் வேண்டும், இடையில் மருந்து வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் காசு வேண்டும். அதற்கும் மேலாக, அவருடைய கதை நாம் எதிர்பார்க்கிற மாதிரி இராமல் போகலாம்.

உதவி வராமலும் இல்லை. வருகிறது, அன்பளிப்பாக வருகிறது. அன்பளிப்புக்குக் கதை வேண்டும், புகைப்படம் வேண்டும், கொடுத்தவருக்கு மனம் நிறைய வேண்டும். ஒருமுறை கொடுத்தவர் மூன்று வருடம் கழித்து அதே பெண் மறுபடி கால் கேட்டால், "போன தரம் தந்ததுதானே" என்கிறார். அவர் கெட்டவர் அல்ல. அன்பளிப்பின் இயல்பு அது. தேய்ந்துபோகிற பொருளை அன்பளிப்பாகக் கொடுத்து ஒரு வாழ்நாளை ஓட்ட முடியாது.

அன்பளிப்புக்கும் அன்பளிப்புக்கும் இடையிலான காலத்தை யார் நிரப்புகிறார்கள்? தாய். தாய்க்குப் பிறகு தங்கச்சி. தங்கச்சி கலியாணம் செய்து போனால் பத்து வயது மகள். கிணற்றிலிருந்து தண்ணீர் அள்ளிக் கொடுப்பவள், இரவில் டோர்ச் பிடித்துக்கொண்டு கூடப் போகிறவள், புண்ணுக்கு மருந்து கட்டுகிறவள், அதற்காகப் பாடசாலைக்குப் போகாமல் நிற்கிறவள். நாடுகளும் இயக்கங்களும் செய்த செலவின் மிச்சக் கணக்கு, பத்து வயதுப் பெண்பிள்ளையின் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது.

இது வடக்கில் மட்டும் உள்ள நிலைமையும் அல்ல. தெற்கில் கால் இழந்த படையினருக்கு ராகமையில் ரணவிரு செவண போன்ற இடங்கள் உண்டு, அரசின் பட்டியல் உண்டு. அவர்களை வெற்றி வீரர்கள் என்று மேடையில் ஏற்றினார்கள். ஆனாலும் 12 வருட சேவை முடியுமுன் காயப்பட்டு விலகியவர்கள், ஓய்வூதியம் கேட்டு 2017இல் கொழும்புத் தெருவில் இருந்து போராட வேண்டி வந்தது. அவர்களும் பெரும்பாலும் ஏழைக் கிராமங்களிலிருந்து போனவர்கள். அங்கேயும் புண்ணுக்கு மருந்து கட்டுகிறவள் ஒரு மனைவி, ஒரு தாய். அவர்களிடம் போய், சம்பளத்துக்காகப் போனாயா நாட்டுக்காகப் போனாயா என்று கேட்டால் அவர்களும் அந்த அக்காவைப் போலத்தான் நம்மைப் பார்ப்பார்கள். இரண்டு பக்கத்துப் பெண்களும் ஒரே வேலையைச் செய்கிறார்கள். அதைச் சொன்னால் இரண்டு பக்கத்துக்காரரும் கோபப்படுகிறார்கள்.

*

கதையே கேட்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போனதற்கான காரணத்தை, அங்கே கண்டதை, செய்ததை, தங்களுக்குச் செய்யப்பட்டதை இந்தப் பெண்கள் சொல்ல வேண்டும். விரும்பினால், விரும்பும் நேரத்தில், நம்பும் ஆளிடம். நாமும் இருந்து கேட்க வேண்டும். ஆனால் கதை கேட்கும் இடமும் கால் கொடுக்கும் இடமும் ஒன்றாக இருக்கக் கூடாது. இரண்டும் ஒன்றானால் கதை விலையாகிவிடும். விலையாகச் சொல்லப்படும் கதையில் உண்மையைத் தேடுவது கேட்கிறவரின் தவறு.

செய்ய வேண்டியவை பெரிய விடயங்கள் அல்ல. மாவட்ட ஆஸ்பத்திரிகளில் கால் இழந்தவர்களுக்கென்று மாதம் ஒருமுறை கிளினிக். பாதுகாப்புத் துறையின் கைக்குப் போகாத ஒரு நோயாளர் பதிவு. யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் ஜெய்ப்பூர் நிலையம் போன்ற இடங்களுக்கு வன்னியின் உட்கிராமங்களிலிருந்து ஒரு முழுநாளைச் செலவழித்துப் போகத் தேவையில்லாத நடமாடும் சேவை. எலும்பு, இதயம், சர்க்கரை, பெண் நோய் எல்லாவற்றையும் அந்தக் கால் பதிவோடு சேர்த்துப் பார்க்கும் ஒரு வைத்தியர். கிணற்றடியில் ஒரு கைபிடி, மலசலகூடத்தில் ஒரு கைபிடி. கூட நிற்கும் பெண்ணின் உழைப்பை உழைப்பாகக் கணக்கெடுக்கும் ஒரு கொடுப்பனவு.

சென்ற வருடம் வேறொரு முகாமில் மறுபடி படிவம் நிரப்ப இருந்தேன். இந்த முறை படிவத்தை நாங்கள் சிலர் சேர்ந்து தயாரித்திருந்தோம். முன்னால் வந்து இருந்தவர் எனக்கு முன்பின் தெரியாத ஒரு பெண். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். எதனால் என்ற இடத்தில் "மிதிவெடி" என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். அடுத்து நான் என்ன கேட்பேன் என்று அவருக்குத் தெரியும். அதற்கான பதிலோடு வந்திருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

"கடைசியாக் கால் மாத்தினது எப்ப, அக்கா?" என்று கேட்டேன். "கிணறு வீட்டில இருந்து எவ்வளவு தூரம்? இரவில வெளியில போறதெண்டால் ஆர் கூட வாறது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு கிணற்றைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். சொல்ல நிறைய இருந்தது. படிவத்தில் விட்டிருந்த இடம் போதவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினேன்.